பிரித்துப் பார்க்காத பொதி

சென்னை
6 பெப்ரவரி 2023

அன்புள்ள மேபல் அக்கா,

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது செய்தி எப்படியும் கொட்டாஞ்சேனை முழுக்கப் பரவியிருக்கும். என் வாயாலும் ஒரு தடவை கேளுங்கள்.

போன மாதம் கொழும்புக்குத் திரும்புகிற அன்று, சென்னை விமான நிலையத்தில் என் பெட்டிகளை ஸ்கேனரில் விட்டார்கள். சாரி, சல்வார் துணி, பிள்ளைகளின் உடுப்பு என்று வழக்கமான சாமான்தான். மிக்ஸி இருந்த பெட்டியை மட்டும் தனியாக எடுத்து வைத்தார்கள். மிக்ஸியின் அடிப்பாகத்தைக் கழற்றினார்கள். மோட்டர் இருக்க வேண்டிய இடத்தில் கற்கண்டை நொறுக்கியது போல ஒன்று பொலித்தீனில் சுற்றி இருந்தது. ஐஸ் என்றார்கள். ஐஸ் என்றால் உருகாதா என்று கேட்டுவிட்டேன். அந்தப் பெண் அதிகாரி முதலில் சிரித்தார். எனக்கு உண்மையிலேயே தெரியாது என்று விளங்கியதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். ஆனாலும் போதைப்பொருள் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்.

அந்த மிக்ஸி உங்கள் மகன், நம் ரொஷான், கொண்டுவரச் சொன்னது. "அன்ரி, என்ட கூட்டாளி ஒருத்தர் மண்ணடி லொட்ஜுக்கே கொண்டு வந்து தருவார், உங்கட லக்கேஜ் கிலோவில போட்டு எடுத்துட்டு வாங்க" என்றான். ஒருவர் கொண்டுவந்து தந்தார். நான் பிரித்துப் பார்க்கவில்லை. நாம் எப்போது பிறர் சாமானைப் பிரித்துப் பார்த்தோம்? செட்டியார் தெருப் பெண்கள் தரும் பொதி, நுகேகொடைத் தையற்காரர் சொன்ன லேஸ், யாருடையவோ தாய்க்கு மருந்து, எல்லாவற்றையும் கட்டிய கட்டோடு கொண்டுவந்து கொடுத்தோம். இல்லாவிட்டால் நம்மிடம் யார் தரப்போகிறார்கள்?

என் போனில் உங்கள் பெயரைப் பார்த்து, மேபல் யார் என்று கேட்டார்கள். என் அக்கா என்றேன். பெயர் வேறாக இருக்கிறதே என்றார்கள். நான் வெள்ளவத்தை முஸ்லிம், அவர் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர், என் மகள் பிறப்பதற்கு முன்பிருந்தே சேர்ந்து சென்னைக்கு வந்து சாமான் எடுத்துப் போய் விற்கிறோம், முழங்கால் வலியால் இந்தத் தடவை அவர் வரவில்லை என்றேன். நம்மைப் போன்றவர்களுக்கு இங்கே குருவி என்று பெயர். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

இப்போது பெண்கள் சிறையில் இருக்கிறேன். பிணையை இங்கே ஜாமீன் என்கிறார்கள். இந்த வழக்குக்கு அது இலேசில் கிடையாதாம். மிக்ஸியைத் தரச் சொன்னது யார் என்று தெரிந்தால் வழி உண்டு என்று வக்கீல் அம்மா சொல்கிறார். ரொஷானிடம் அந்தக் கூட்டாளியின் பெயரையும் இடத்தையும் கேட்டு எழுதுங்கள். பிள்ளையை ஏச வேண்டாம். அவனையும் யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள்.

நம் வீட்டுக்கும் ஒரு தடவை போய் மகளையும் அவள் வாப்பாவையும் பார்த்து வாருங்கள். பாரிசவாதம் வந்த பிறகு மக்கீன் என் கையால்தான் சாப்பிடுவார். நிம்றாவுக்குப் பொறுமை குறைவு.

உங்கள்
ஷஹீமா


கொட்டாஞ்சேனை
27 பெப்ரவரி 2023

அன்புள்ள ஷஹீமா,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு அந்தோனியார் கோவிலுக்குப் போனேன். அங்கே வைத்துத்தான் முழுவதும் வாசிக்க முடிந்தது.

வெள்ளவத்தைக்கு இரண்டு தடவை போய்விட்டேன். மக்கீன் நானா என் கையாலும் இடியப்பம் சாப்பிட்டார். நீ எங்கே என்று கையைத் தூக்கிக் கேட்டார். சாமான் எடுக்கப் போயிருக்கிறாள் என்றேன். நிம்றா சிறுபிள்ளைகளின் மொன்டிசூரிப் பள்ளிக்கு வேலைக்குப் போகிறாள். மெலிந்துவிட்டாள்.

இங்கே நம் ஆட்களின் பாடு சரியில்லை. நீ பிடிபட்ட நாளிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்தில் பெண்களின் பெட்டி ஒன்றையும் விடாமல் திறந்து கொட்டுகிறார்கள். நமக்குப் பக்கத்து இருக்கையில் வருவாளே, கராம்பு கொண்டுபோகிற புத்தளத்துப் பெண், அவளைச் சாக்கோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒருவர் கிலோவை இன்னொருவருக்குக் கொடுப்பது அடியோடு நின்றுவிட்டது. டொலர் ஏறியபோது கூட இந்த வியாபாரம் இப்படிப் படுக்கவில்லை. போன கிழமை ஒருத்தி, தன் சொந்தத் தங்கை கட்டித் தந்த பார்சலை விமான நிலைய வாசலில் உட்கார்ந்து பிரித்தாளாம். தங்கை அழுதுகொண்டே நின்றாளாம். புறக்கோட்டைக் கடைக்காரர்களும் முன்பு போல் "அக்கா, இதைக் கொஞ்சம் கொண்டு வாங்க" என்று சொல்வதில்லை. நம்மைக் கண்டால் வேறு பக்கம் பார்க்கிறார்கள்.

ரொஷானிடம் கேட்டேன். கூட்டாளியின் சரியான பெயர் தெரியாதாம். போனில் பழக்கமானவராம். இப்போது அந்த நம்பர் வேலை செய்யவில்லையாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். உனக்காக ஒவ்வொரு செவ்வாயும் மெழுகுதிரி ஏற்றுகிறேன்.

அன்புடன்
மேபல்


சென்னை
24 மார்ச் 2023

அன்புள்ள மேபல் அக்கா,

இன்று முதல் நோன்பு. விடியற்காலைச் சாப்பாட்டை நோன்பு பிடிக்கிறவர்களுக்கு முந்திய நாள் மாலையே தந்துவிடுகிறார்கள். சோறு விறைத்துப் போயிருந்தது. என்னோடு இருக்கிற திருவள்ளூர்ப் பெண், அவள் இந்து, தன் பங்கு ஊறுகாயை எனக்கு எடுத்து வைத்தாள். அவளுக்கு என் பேச்சு விளங்குவதில்லை. "மெதுவா பேசு சிலோன்காரம்மா" என்பாள்.

உங்கள் கடிதத்தைப் பல தடவை வாசித்தேன். மக்கீன் பற்றி எழுதியதற்காக வாசித்தேன். ரொஷானைப் பற்றி எழுதிய இடத்தில் நின்றுவிட்டேன். தெரியாதாம், பழக்கமானவராம், வேலை செய்யவில்லையாம். உங்களுக்கு நம்பிக்கை இல்லாத சங்கதியைத்தான் நீங்கள் இப்படிச் சொல்வீர்கள். மட்டமான துணியைக் கடைக்காரன் நல்லதென்று தந்தால், "அசல் பட்டாம்" என்று என் காதில் சொல்வீர்களே, அந்த மாதிரி.

அக்கா, நான் அவன் பெயரை இன்னும் அதிகாரிகளிடம் சொல்லவில்லை. தெரிந்த ஒருவர் தந்தார் என்றே சொல்லி வைத்திருக்கிறேன். நம் பிள்ளை தானாக வந்து சொல்வான், அல்லது நீங்கள் கூட்டிக்கொண்டு வருவீர்கள் என்று நினைக்கிறேன். வக்கீல் அம்மாவிடம் மட்டும் உங்கள் நம்பரும் அவன் நம்பரும் இருக்கின்றன. குற்றம் உறுதியானால் பத்து வருடத்துக்குக் குறையாது என்கிறார். மக்கீன் பத்து வருடம் இருக்க மாட்டார். நானும் இருப்பேனோ தெரியாது.

நீங்கள் எழுதுவதை இங்கே வாசித்துவிட்டுத்தான் தருகிறார்கள்; நான் எழுதுவதை வக்கீல் அம்மா கையில் கொடுத்து அனுப்புகிறேன். அதனால் பார்த்து எழுதுங்கள். ஆனால் எழுதாமல் இருக்காதீர்கள்.

ஷஹீமா


கொட்டாஞ்சேனை
15 மே 2023

அன்புள்ள ஷஹீமா,

பதில் எழுதப் பிந்திவிட்டது. முழங்கால் வீங்கிக் கிடந்தேன்.

நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் வட்டிலப்பமும் சோறும் எடுத்துக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போனேன். நிம்றா கதவைத் திறந்தாள். வழியை விடவில்லை.

"அன்ரி, ரொஷான் எங்க?"

"வேலைக்குப் போயிட்டான் மகள்."

"உம்மாட வக்கீல் அவனோட கதைக்கோணுமெண்டு எத்தின தரம் கோல் எடுக்கிறாங்க. அவன் போனை நிப்பாட்டி வெச்சீக்கிறான். நீங்க செல்லுங்க, உண்மையிலயே அவனுக்கிட்ட கேட்டீங்களா?"

கேட்டேன் என்றேன்.

"அப்ப அவன் என்ன செல்லினான்?"

சோற்றுப் பாத்திரத்தை அவள் பக்கம் நீட்டினேன். "இந்தச் சாப்பாட்ட எடுத்துக்கொண்டு போங்க அன்ரி. வாப்பாக்கு நான் ஆக்கிக் குடுத்துட்டேன்" என்று கதவைச் சாத்தினாள். எனக்கு அவள் மேல் கோபம் இல்லை. அதன் பிறகு நான் போகவில்லை.

ரொஷானுக்கு ருமேனியாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை சரிவரும் போல இருக்கிறது. விசாவுக்குக் கொடுத்திருக்கிறான். உனக்குத் தெரியும், அவனுடைய தகப்பன் போன பிறகு எனக்கு இவன் ஒருவன்தான். நாம் சென்னையில் இருக்கும்போதெல்லாம் இவன் உன் வீட்டில்தான் கிடந்தான், நிம்றாவோடு ஒரே தட்டில் சாப்பிட்டான். வேறு என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. கடிதங்களை வாசிக்கிறார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

என்னை மன்னித்துக்கொள்.

மேபல்


சென்னை
3 ஜூலை 2023

மேபல் அக்காவுக்கு,

மக்கீன் மௌத்தாகிவிட்டார். நிம்றா எழுதியிருந்தாள். செய்தி எனக்கு வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து ஒரு கிழமைக்கு மேலாகிவிட்டது.

கணவன் இறந்தால் நாங்கள் இத்தா இருப்போம். வெளியே போகாமல், அலங்காரம் இல்லாமல், வீட்டுக்குள்ளேயே இருப்பது. எங்கள் தெருவில் யாராவது இத்தா இருந்தால் நீங்களும் நானும் பழங்கள் வாங்கிக்கொண்டு பார்க்கப் போவோம். எனக்கு இங்கே அதற்காக ஒன்றும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. நான் ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறேன். திருவள்ளூர்ப் பெண் மட்டும் தன் வெள்ளைச் சேலையை எனக்குத் தந்தாள்.

கடைசி வரை அவர் நான் சாமான் எடுக்கப் போயிருக்கிறேன் என்றே நினைத்திருந்தாராம். ஒவ்வொரு மாலையும் வாசல் பக்கம் திரும்பிப் படுப்பாராம். அந்தப் பொய்யைச் சொன்னதற்காக உங்களோடு எனக்குக் கோபம் இல்லை. நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ரொஷான் ருமேனியாவுக்குப் போகட்டும். நான் அவன் பெயரைச் சொல்ல மாட்டேன். இப்போது சொன்னால் புருஷன் செத்த பிறகு கதை கட்டுகிறாள் என்பார்கள். அதற்கும் மேல், நான் ஊட்டி வளர்த்த பிள்ளையை என் வாயால் காட்டிக் கொடுக்க எனக்கு வரவில்லை. உங்களுக்காகச் செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம்.

இனி எனக்கு எழுதாதீர்கள்.

ஷஹீமா


கொட்டாஞ்சேனை
21 ஓகஸ்ட் 2023

ஷஹீமா,

எழுத வேண்டாம் என்றாய். இதை மட்டும் வாசி. வாசிக்கிற அதிகாரிகளும் வாசிக்கட்டும். எனக்கு இனி மறைக்க ஒன்றும் இல்லை.

மக்கீன் நானா போன அன்று உன் வீட்டுக்கு வந்தேன். உள்ளே வரப் பயந்து, பெண்கள் இருந்த அறையில் கதவோரமாக உட்கார்ந்தேன். யாரும் என்னோடு கதைக்கவில்லை. அசர் தொழுகைக்கு முன் அவரை எடுத்தார்கள். நிம்றா அழவில்லை. வந்த பெண்களுக்கெல்லாம் தேத்தண்ணீர் கொடுத்துக்கொண்டே வந்தாள். என்னிடமும் வந்தாள். கோப்பையை என் கையில் வைத்தாள். அவள் கை சில்லிட்டிருந்தது. வெளிக்கிட்டுக் காலி வீதிப் பஸ் நிறுத்தத்துக்கு வந்து, பஸ் ஏறாமல் கடற்கரைப் பக்கம் போய் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகும் எனக்குத் துணிவு வரப் பல நாள் எடுத்தது. உன் கடைசிக் கடிதம் வந்தது. ரொஷானுக்கு விசாவும் வந்தது. இரண்டும் ஒரே கிழமையில்.

பாஸ்போட்டைக் கொண்டுவந்து காட்டினான். சிரித்துக்கொண்டிருந்தான். நான் உன் கடிதத்தை நீட்டினேன். வாசித்துவிட்டு மேசையில் வைத்தான்.

"எல்லாத்தையும் சொல்லு" என்றேன்.

ஆமர் வீதியில் போன் கடை வைத்திருக்கிற ஒருவன் கேட்டானாம். சென்னையில் பொருளைத் தருவது அவனுடைய ஆளாம். கொண்டுவந்து கொடுத்தால் இவனை வெளிநாடு அனுப்ப ஏற்பாடு செய்வதாகச் சொன்னானாம்.

"நான் தங்கம் எண்டுதான் நினைச்சன் அம்மா. பிடிச்சாலும் வரியைக் கட்டினா விட்டுடுவாங்க எண்டு."

"அப்ப வந்து அதைச் சொல்லு."

"சொன்னா என்னைப் பிடிப்பாங்க."

"அவளைப் பிடிச்சு வச்சிருக்கிறாங்க."

"அன்ரி இந்தியாவில, அம்மா. வயசான ஆள், விட்டுடுவாங்க. நான் இங்க மாட்டினா என்ட வாழ்க்கை முடிஞ்சுது."

நீ இந்தியாவில் என்பது ஏதோ ஆறுதல் போல் சொன்னான். அந்த நிமிஷம்தான் நான் எழுந்தேன். வாறியா என்று கேட்டேன். வரமாட்டேன் என்றான். நான் தனியே பொலிசுக்குப் போனேன். சிங்களத்தில் எனக்குக் கடையில் கதைக்கிற அளவுதான் வரும். "மகே புத்தா" என்று தொடங்கி, அதற்கு மேல் சொல்ல முடியாமல் நின்றேன். என் மகன் என்று சொன்னதோடு சொல் முடிந்துவிட்டது. பிறகு தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டார்கள்.

மாலையில் வீட்டுக்கு வந்து அவனைக் கூட்டிப் போனார்கள். அவன் என்னைப் பார்க்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு, கட்டிலில் கிடந்த ருமேனியாவுக்கென்று வாங்கிய ஜக்கெட்டை மடித்து வைத்துவிட்டுப் போனான். ஆமர் வீதிக்காரனையும் பிடித்திருக்கிறார்கள். உன் வக்கீலுக்கு எல்லாவற்றையும் போனில் சொன்னேன். வாக்குமூலம் இங்கிருந்து அங்கே போய்ச் சேர நாளெடுக்கும் என்றார்.

இதை முன்பே செய்திருக்கலாம். செய்திருந்தால் மக்கீன் நானா உன்னைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார். இதை நான் ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன். நீ பதில் எழுத வேண்டியதில்லை.

மேபல்


வெள்ளவத்தை
11 நவம்பர் 2024

மேபல் அக்காவுக்கு,

நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். உங்களுக்குச் செய்தி வந்திருக்கும். ரொஷானின் வாக்குமூலமும், லொட்ஜில் அந்த ஆள் மிக்ஸியை என்னிடம் கொடுக்கிற கமரா படமும், அவர்களுடைய போன் கணக்கும் ஒன்றாகச் சேர்ந்த பிறகு, எனக்கு ஒன்றும் தெரியாது என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நீங்கள் போயிராவிட்டால் நான் இன்னும் அங்கேதான் இருந்திருப்பேன். அது எனக்குத் தெரியும். அதை எழுதாமல் இருந்தால் பாவம்.

மக்கீன் படுத்த கட்டிலை நிம்றா மடித்துச் சுவரோடு வைத்திருக்கிறாள். அவளுக்குப் பேசியிருந்த இடம் விட்டுப் போய்விட்டது. மாப்பிள்ளை வீட்டார் காரணம் ஒன்றும் சொல்லவில்லையாம். நிரபராதி என்று கோர்ட் சொன்னதை அவர்களுக்கு யார் போய்ச் சொல்வது? தெருவில் ஸலாம் சொல்கிறார்கள். கிருலப்பனையில் நம்மிடம் சல்வார் எடுக்கிற டீச்சர் வந்து கட்டிப்பிடித்து அழுதார். அவரும் போகும்போது, இனிச் சாமான் எடுக்கப் போவதில்லைதானே என்று கேட்டார். என் பெட்டியை இனி ஒருவரும் நம்ப மாட்டார்கள். நானும்தான். ஸிப் இழுக்கிற சத்தம் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுகிறேன். சாரிகளுக்கு ஃபோல்ஸ் தைத்துக் கொடுக்கிறேன்.

நீங்கள் இங்கே வர வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. உங்களைப் பார்த்தால், அவர் வாசல் பக்கம் திரும்பிப் படுத்த மாலைகள்தான் எனக்கு நினைவு வரும். நீங்களும் என்னைப் பார்த்தால் உள்ளே இருக்கிற பிள்ளையைத்தான் நினைப்பீர்கள்.

ஷஹீமா


கொட்டாஞ்சேனை
9 டிசம்பர் 2024

அன்புள்ள ஷஹீமா,

நான் வரமாட்டேன். நீ வந்து சேர்ந்த அன்று நிம்றா எனக்கு ஒரு கோல் எடுத்தாள். "உம்மா வந்துட்டாங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அது எனக்குப் போதும்.

நானும் வியாபாரத்தை விட்டுவிட்டேன். வீட்டில் ரோல்ஸும் பற்றிஸும் செய்து துறைமுகத்தில் வேலை செய்கிறவர்களின் கன்டீனுக்குக் கொடுக்கிறேன். நம்மோடு வந்த பெண்கள் சிலர் இன்னும் போய் வருகிறார்கள். ஒவ்வொருவரும் தனியாகப் போய்த் தனியாக வருகிறார்களாம். லொட்ஜில் ஒரே அறையில் படுத்தாலும் பெட்டியைப் பூட்டித் தலைமாட்டில் வைத்துக்கொள்கிறார்களாம்.

ரொஷானின் வழக்கு இன்னும் தவணை தவணையாகப் போகிறது. ஒவ்வொரு வியாழனும் ரிமாண்ட் சிறைக்குப் போகிறேன். வரிசையில் நின்று பெயர் கொடுப்பேன். அவன் பெயரைக் கூப்பிடுவார்கள். அவன் வருவதில்லை. ஒரு தடவையும் வரவில்லை. கொண்டுபோன சாப்பாட்டை உள்ளே அனுப்பிவிட்டு வருவேன். சாப்பிடுகிறானா என்று தெரியாது. காவலுக்கு நிற்கிறவர் இப்போது என்னைக் கண்டால், "அம்மே, அதத் என்னே நே" என்கிறார். இன்றும் வரமாட்டான் என்று. அவருக்கே கவலையாகிவிட்டது.

இதை உனக்கு எழுதியிருக்கக் கூடாது. உன்னிடம் இதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் இத்தனை வருடமும் எதையும் முதலில் உன்னிடம் சொல்லித்தான் பழக்கம்.

மேபல்


வெள்ளவத்தை
18 ஜனவரி 2025

மேபல் அக்கா,

நேற்று நான் ரொஷானைப் பார்க்கப் போனேன். உங்களுக்குச் சொல்லாமல் போனதற்குக் காரணம், வாசல் வரை போய்த் திரும்பிவிடுவேனோ என்ற பயம். அந்த வரிசையும் அந்த மணமும் எனக்கு இரண்டு வருடப் பழக்கம். முன்னால் நின்ற பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

என் பெயரைக் கொடுத்தேன். அவன் வந்தான். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று "அன்ரி" என்றான். நான் ஒரே ஒரு கேள்வி கேட்கத்தான் போனேன். அதைக் கேட்டேன்.

"இவ்வளவு பேர் போய் வாறாங்களே மகன். ஏன் என்னட்ட தந்த?"

சுற்றிவர எல்லோரும் சத்தம் போட்டுக் கதைத்தபடியால், அவன் சொன்னதை வலையில் காதை வைத்துத்தான் கேட்டேன்.

"உங்கட பெட்டிய ஒருத்தரும் திறக்க மாட்டாங்க எண்டு அந்த ஆள் சொன்னான் அன்ரி. கஸ்டம்ஸில எல்லாருக்கும் உங்களைத் தெரியும், அந்த மனுசி பொய் சொல்லாது எண்டு."

அக்கா, பிடிபட்ட அன்றும் நான் இப்படி உடையவில்லை. இத்தனை வருடம் ஒரு சோப்புக்கட்டிக்குக் கூடப் பொய் சொல்லாமல் சம்பாதித்த பெயர் அது. அதற்காகவே என்னைத் தெரிந்தெடுத்திருக்கிறார்கள். இனி ஒரு சொல்லும் பேசாமல் போய்விட வேண்டும் என்று திரும்பினேன். அப்போதுதான் அவன் கழுத்தைப் பார்த்தேன். காதடியிலிருந்து தோள் வரை சொறிந்து புண்ணாகியிருந்தது. எங்களுக்கும் உள்ளே அது வந்தது. வியர்வையோடு நெருக்கிப் படுப்பதால் வருவது.

"மருந்து போடுறயில்லயா?"

"இல்ல அன்ரி."

"அம்மா ஒவ்வொரு கிழமையும் வாறாவே. கேக்கலாமே."

"தெரியும். பேரைக் கூப்பிடேக்க எனக்குக் கேக்கும்."

"பிறகேன் வராம இருக்கிற?"

மணி அடித்துவிட்டார்கள். பின்னால் இருந்தவர்கள் தள்ளத் தொடங்கினார்கள். போகும்போது திரும்பி, "அம்மாட கால் எப்பிடி?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. உங்களை நான் பார்த்தே இரண்டு வருடம் ஆகிவிட்டது. நல்லா இருக்கிறா என்று பொய் சொன்னேன்.

அடுத்த வியாழன் போங்கள். வேப்பெண்ணெய்ச் சவர்க்காரம் கொண்டுபோங்கள். வாசனைச் சவர்க்காரம் வேண்டாம், புண் எரியும். கழுத்துப் பட்டி இல்லாத பருத்திச் சேர்ட் இரண்டு. தடித்த துவாய் வேண்டாம், ஈரம் காயாது. சாப்பாட்டில் உறைப்பைக் குறையுங்கள்; உள்ளே வயிறு கெட்டால் அது பெரிய பாடு.

வெள்ளவத்தைக்கு வாருங்கள் என்று என்னால் இன்னும் எழுத முடியவில்லை. எழுதப் பார்த்தேன்.

அவன் வருவான் என்றுதான் நினைக்கிறேன். வந்தால் நீங்கள் முதலில் கதையுங்கள். அவனாகத் தொடங்க மாட்டான்.

ஷஹீமா